‘ஆயிடுச்சு’ இல்ல, ‘நான் பண்ணிட்டேன்’

போன வாரம் ஆபீஸ்ல கிளையன்ட்டுக்குப் போக வேண்டிய ஒரு ஃபைல் தப்பா போயிடுச்சு. மீட்டிங்ல ஏன்னு கேட்டாங்க. “சார், செக்கிங்ல ஒரு சின்ன கேப் ஆயிடுச்சு”ன்னு சொன்னேன். செக் பண்ண வேண்டியது நான்தான். திறந்துகூடப் பார்க்கல. ஆனா எல்லார் பார்வையும் போனது, டீம்ல புதுசா சேர்ந்த பொண்ணு மேல. அவங்க எதுவும் பேசல. நானும் பேசல.

அன்னைக்கு ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது ஒரு துண்டுச் சீட்டு.

1944 ஜூன். நேச நாட்டுப் படைகளோட தலைமைத் தளபதி ஐசனோவர். நார்மண்டியில் தரையிறங்க முதலில் குறித்த நாள் ஜூன் 5. வானிலை மோசம். ஒரு நாள் தள்ளி வைக்கிறார். நடுவில் கொஞ்ச நேரம் வானம் தெளியும்னு வானிலை அதிகாரி ஸ்டாக் சொல்ல, ஜூன் 6-க்கு உத்தரவு கொடுக்கிறார். முதல் நாளே சுமார் 1,56,000 வீரர்கள்.

போவதற்கு முன்னாடியே, தோற்றால் வெளியிட ஒரு அறிக்கையைப் பென்சிலில் எழுதி பர்ஸில் வைத்துக்கொண்டார். ஜூன் 5-க்குப் பதிலா ஜூலை 5-ன்னு தேதி போட்டிருக்கார். அவர் எந்த நிலையில இருந்தார்னு நாமே யூகிக்கலாம்.

அதில் ஒரு திருத்தம் இருக்கு. படைகள் ‘திரும்பப் பெறப்பட்டன’ என்ற மாதிரி எழுதி, அதை அடித்துவிட்டு, ‘நான் திரும்பப் பெற்றேன்’ என்று மாற்றியிருக்கார். வீரர்கள் தங்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள், தவறு இருந்தால் அது என்னுடையது மட்டும் என்று முடிக்கிறார். தரையிறக்கம் ஜெயிச்சதால அந்தச் சீட்டுக்கு வேலையே வரல.

நம்ம தமிழ்லயும் இது இருக்கே! “டம்ளர் உடைஞ்சிடுச்சு”ம்போம். “உடைச்சிட்டேன்”னு சொல்ல வாய் வராது. ஒரே ஒரு வார்த்தை மாறினா, பொறுப்பும் ஆளும் மாறிடும்.

இன்னொண்ணும் கவனிங்க. அந்தச் சீட்டில் அழுகை இல்லை, தன்னைத் திட்டிக்கொள்வதும் இல்லை. கையில் இருந்த நல்ல தகவலை வைத்துத்தான் முடிவெடுத்தேன் என்றும் சொல்கிறார். பொறுப்பேற்பது வேறு, ‘நான் எதுக்குமே லாயக்கில்லை’ன்னு உடைந்துபோவது வேறு. அதேபோல, நீங்க எடுக்காத முடிவுக்கு மேலதிகாரி உங்களைக் கைகாட்டினா, அதைச் சுமக்கணும்னும் இதுக்கு அர்த்தம் இல்லை. நம்ம முடிவு, நம்ம வேலை, அதுக்கு மட்டும்தான் ‘நான்’.

இதுல ஒரு சின்னப் பழக்கத்தை நான் எடுத்துக்கிட்டேன். ஒரு பெரிய வேலை ஆரம்பிக்கும்போதே, இது சொதப்பினா என்ன சொல்வேன்னு போன்ல ரெண்டு வரி டைப் பண்ணிடறேன். ‘நான்’ல ஆரம்பிக்கணும். அப்படி எழுதும்போதே எதைச் செக் பண்ணாம விட்டிருக்கோம்னு தெரிஞ்சிடுது.

அந்த ஃபைல் விஷயம்? திங்கட்கிழமை அதே மீட்டிங்ல, அதே ஆளுங்க முன்னாடி சொன்னேன்: “நான் செக் பண்ணல. அவங்க மேல தப்பில்ல.” ஒரு நிமிஷம்கூட ஆகல. ஆனா அதை நாலு நாள் முன்னாடியே சொல்லியிருக்கணும்.