மேல்தோல் மின்னணுவியல்

மேல்தோல் மின்னணுவியல் என்பது மனிதத் தோலின் மீது ஒட்டி, அதனுடன் சேர்ந்து வளைந்தும் நீண்டும் உடலின் குறிகைகளை அளக்கவல்ல மெல்லிய மின்னணுச் சுற்றுகளைப் பற்றிய துறை ஆகும். இதயம், மூளை, தசை ஆகியவற்றின் மின்னலைகளையும் உடல் வெப்பநிலையையும் தொடர்ந்து கண்காணிக்க இச்சுற்றுகள் பயன்படுகின்றன. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் தலைமையில் இயங்கிய குழுவினர் 2011 ஆம் ஆண்டு சயன்ஸ் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையின் மூலம் இப்பெயர் பரவலாக அறியப்பட்டது.

வளையும் தன்மை

சிலிக்கன் எளிதில் உடையும் பொருள் ஆகும். ஏறத்தாழ 1 விழுக்காடு நீட்டினாலே அதில் விரிசல் ஏற்படும். ஆயினும், ஒரு தகட்டை வளைக்கும்போது அதன் வெளிப்பரப்பில் உண்டாகும் நீட்சி, தகட்டின் தடிப்புக்கு நேர்விகிதத்தில் அமைகின்றது. எடுத்துக்காட்டாக, 0.5 மிமீ தடிப்புள்ள சிலிக்கன் தகட்டை 1 செமீ ஆரமுள்ள வளைவாக வளைத்தால் நீட்சி 2.5 விழுக்காடு ஆகும். எனவே தகடு உடைந்துவிடும். 100 நானோமீட்டர் தடிப்புள்ள படலத்தை அதே அளவு வளைத்தால் நீட்சி 0.0005 விழுக்காடு மட்டுமே. ஆகவே பொருளை மாற்றாமல், தடிப்பைக் குறைப்பதன் மூலமே சிலிக்கனை வளையச் செய்யலாம்.

நீளும் தன்மை

தோல் வளைவதோடு நீளவும் செய்கின்றது. இதற்கு ஈடுகொடுக்க, சுற்றின் கம்பிகள் நேர்கோடாக அன்றிப் பாம்பு போல் நெளிந்த வடிவில் அமைக்கப்படுகின்றன. தோல் இழுபடும்போது நெளிவுகள் விரிகின்றன. உலோகம் மிகச் சிறிதளவே நீள்கின்றது. சுற்றைத் தாங்கும் மென்மையான மீள்படலம் தோலின் நுண்ணிய மேடுபள்ளங்களில் நெருங்கிப் படிவதால், பசை இன்றியே வான் டெர் வால்ஸ் விசையால் ஒட்டிக்கொள்கின்றது.

குறைமாதக் குழந்தைகள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள குறைமாதக் குழந்தைகளின் உடலில் மின்முனைகள் பசைப்பட்டையால் ஒட்டப்பட்டு, கம்பிகள் மூலம் கருவிகளுடன் இணைக்கப்படுகின்றன. முழு வளர்ச்சி அடையாத அவர்களின் தோல் பட்டையை அகற்றும்போது உரியக்கூடும். தாய் குழந்தையை மார்போடு அணைக்கும் கங்காரு முறைப் பராமரிப்புக்கும் கம்பிகள் தடையாக உள்ளன.

2019 ஆம் ஆண்டில் ரோஜர்சும் பிறரும் இதற்கு மாற்றாகக் கம்பியற்ற இரு உணரிகளை அறிமுகப்படுத்தினர். மார்பில் அமையும் உணரி இதய மின்னலையை அளக்கின்றது. பாதத்தில் அமையும் உணரி, ஒளியின் மூலம் குருதியின் ஆக்சிசன் அளவைக் கணிக்கின்றது. இவற்றில் மின்கலம் இல்லை. படுக்கையின் அடியில் வைக்கப்படும் அலைவாங்கியிலிருந்து மின்காந்தத் தூண்டல் மூலம் ஆற்றல் கிடைக்கின்றது.

குறைபாடுகள்

* வியர்வையாலும், மேல்தோல் செல்கள் இயல்பாக உதிர்வதாலும் உணரி நாளடைவில் கழன்றுவிடும்.
* உடல் அசையும்போது தோன்றும் இரைச்சல், இதயக் குறிகையுடன் கலந்துவிடும்.
* தோலின் மெலனின் ஒளியை உறிஞ்சுவதால், ஒளிவழி அளவீடுகள் கருந்தோல் உடையோரில் பிழைபடக்கூடும். விரலில் மாட்டும் வழக்கமான ஆக்சிசன் அளவிகளைப் பற்றி அமெரிக்காவில் 2020 இல் வெளியான ஆய்வு ஒன்றில், கருவி கண்டறியத் தவறிய ஆக்சிசன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரில் ஏறத்தாழ மூன்று மடங்கு காணப்பட்டது. ஒளியைப் பயன்படுத்தும் தோல் உணரிகளையும் எல்லாத் தோல் நிறத்தவரிடமும் சோதிக்க வேண்டியதன் தேவையை இது காட்டுகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

* உணரி
* குறைகடத்தி
* மின் இதய வரைவு