ஆசை எழாதது நோயா?

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வரும் ஓர் ஆபரேட்டரை வைத்துக்கொள்வோம். குடிகாடு பக்கம் வீடு, வயது முப்பத்திரண்டு. தங்கையைக் கட்டிக்கொடுத்தாயிற்று. பி.எஃப். பிடித்தம் போக நல்ல சம்பளம், ஜாதகத்திலும் தோஷமில்லை. பெண் பார்க்கலாம் என்று அம்மா வாயெடுத்தாலே பேச்சை மாற்றிவிடுகிறார். காதல் தோல்வியா என்று தாய்மாமா கேட்கிறார். கூட வேலை செய்பவர்கள் கேட்பதை அச்சில் போட முடியாது. உண்மையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. பெண்ணோ ஆணோ, யாரைப் பார்த்தாலும் உடல்ரீதியான ஆசை எழுவதில்லை. விடலைப் பருவத்திலும் எழுந்ததில்லை.

இதை அசெக்ஷுவாலிட்டி என்கிறார்கள், தமிழில் அல்பாலீர்ப்பு. இப்படி இருப்பவர்கள் தங்களை ‘ஏஸ்’ என்று சுருக்கமாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு. எல்லோரும் ஒரே மாதிரி அல்ல. சிலர் காதலிப்பார்கள், துணையோடு வாழவும் விரும்புவார்கள்; படுக்கை மட்டும் வேண்டாம். சிலருக்குக் காதல் உணர்வே வராது. வேறு சிலருக்கு ஒருவரிடம் நெடுநாள் பழகி நெருக்கம் ஊறிய பிறகுதான் ஈர்ப்பு எட்டிப்பார்க்கும். குழந்தை வேண்டும் என்பதற்காக உறவுக்கு இணங்குபவர்களும் இருக்கிறார்கள்.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த இடத்தில் வள்ளலார் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் 1823-இல் பிறந்தவர். வீட்டார் வற்புறுத்தலுக்காக அக்காள் மகளை மணந்தும் இல்லற உறவை நாடவில்லை என்றுதான் அவருடைய வரலாறு சொல்லப்படுகிறது. அவரை ஏஸ் என்று முத்திரை குத்துவது அபத்தம். அவர் போன வழி வேறு, அது துறவு. துறவி ஆசையை அடக்குகிறார் அல்லது கடக்கிறார். நம் ஆபரேட்டரிடம் அடக்குவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆசையில்லாத வாழ்வு துறவுக் கோலத்தில் வந்தால் கையெடுத்துக் கும்பிடுகிறோம், தொழிற்சாலைச் சீருடையில் வந்தால் வைத்தியரைத் தேடுகிறோம்.

அந்த வைத்தியரைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. பேருந்து நிலையச் சுவரெல்லாம் அவர் போஸ்டர்தான்: இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் முகாம், ஆண்மைக்குறைவுக்கு நிரந்தரத் தீர்வு. லேகியத்துக்கும் சூரணத்துக்கும் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, ‘இன்னும் சரியாகவில்லையே’ என்று குமைபவர்கள் பலர். ஆண்மைக்குறைவு என்று சொல்லப்படும் விறைப்புக் கோளாறு என்பது ஆசை இருந்தும் உடல் ஒத்துழைக்காத நிலை. ஏஸ் ஒருவரின் உடல் எந்தக் குறையுமில்லாமல் இயங்கலாம். ஈர்ப்பு மட்டும் எழாது. முன்பு இருந்த ஆசை திடீரென்று வற்றிப்போனால் அது தனிக் கதை. சர்க்கரை நோய், தைராய்டு, மனச்சோர்வு, அதற்குச் சாப்பிடும் மாத்திரை, ஓயாத நைட் ஷிப்ட் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அப்போது அரசு மருத்துவமனைக்குப் போவதில் தாமதம் கூடாது.

ஆய்வாளர்களுக்கு இது புதிதல்ல. அமெரிக்காவில் ஆல்ஃபிரட் கின்ஸி 1948-இல் வெளியிட்ட புகழ்பெற்ற அளவுகோலில், எந்தப் பக்கமும் சேராதவர்களை ‘எக்ஸ்’ என்று ஓரமாகக் குறித்து வைத்தார். 2004-இல் கனடாவின் ஆண்டனி போகேர்ட், பிரிட்டனில் 18,000-க்கும் மேற்பட்டோரிடம் எடுத்திருந்த கணக்கைப் புரட்டிப் பார்த்தார். யாரிடமும் ஒருபோதும் ஈர்ப்பு வந்ததில்லை என்றவர்கள் சுமார் 1 சதவீதம். அந்த விகிதத்தை இங்கே அப்படியே பொருத்துவது சரியல்ல. என்றாலும், நூற்றுக்கு ஒருவர் என்பது ஷிப்டுக்கு ஓரிருவராவது இருக்கலாம் என்று யோசிக்க வைக்கும் கணக்கு. 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டி.எஸ்.எம்.-5, தன்னை அசெக்ஷுவல் என்று உணர்கிறவருக்கு ஆசைக்குறைவு நோய் என்று பெயர் சூட்டக் கூடாது என்கிறது.

சிக்கல் கல்யாணத்தில்தான் வெடிக்கிறது. ‘ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கையில் இரண்டு பேர் வாழ்க்கை போகிறது. சட்டத்துக்கும் ஏஸ் மக்களைத் தெரியாது. இந்துத் திருமணச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில், ஒருவரின் இயலாமையால் உடலுறவே நடக்காத திருமணத்தை ரத்து செய்யலாம். தகுந்த காரணமின்றி நெடுங்காலம் உறவுக்கு மறுப்பது மனரீதியான கொடுமை ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் சொன்னது. ஆக, ஏஸ் ஒருவர் நீதிமன்றம் போனால் இயலாதவர் அல்லது கொடுமைக்காரர். மூன்றாவது இருக்கை கிடையாது. பெண்ணின் நிலை இன்னும் மோசம். 18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் கட்டாயப்படுத்துவதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவு வன்புணர்வாகவே எண்ணுவதில்லை. டெல்லியைச் சேர்ந்த டாக்டர் பிரகதி சிங் இந்தப் பொருளை ஆராயத் தொடங்கியதும், வீட்டில் நிச்சயித்த கல்யாணத்துக்கும் உடலுறவு வேண்டாம் என்ற மனசுக்கும் நடுவே சிக்கிய பெண்களிடமிருந்து செய்திகள் வந்து குவிந்தன. இப்படிப்பட்டவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ள அவர் ஒரு வலைப்பின்னலை ஏற்படுத்தினார்; ‘இந்தியன் ஏசஸ்’ குழுவை நடத்தினார். 2019-இல் பிபிசி தேர்ந்தெடுத்த 100 பெண்களில் அவரும் ஒருவர். ஏஸ் என்றால் கல்யாணமே செய்யக் கூடாது என்பதல்ல. சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும், அதுவும் தாம்பூலம் மாற்றுவதற்கு முன்பே.

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவு ஏஸ் மக்களுக்கும் பொருந்தும். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கு அது. எல்ஜிபிடிக்யூஐஏ+ என்று குறிக்கப்படும் பாலினச் சிறுபான்மை மக்களின் பாலீர்ப்பை ‘மருத்துவத்தால் மாற்ற’ முயல்வதை அவர் தடை செய்தார். அந்த எழுத்து வரிசையில் வரும் ‘ஏ’ அசெக்ஷுவல் மக்களுக்கு உரியது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் பாலீர்ப்பை மாற்ற முயலும் அத்தகைய ‘சிகிச்சை’யைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. ஆகவே, பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் ‘கல்யாணத்துக்குள் சரிசெய்துவிடலாம், மகனைக் கூட்டி வாருங்கள்’ என்று பெற்றோரிடம் சொன்னால், மாநில மருத்துவ கவுன்சிலில் அவர்மீது புகார் கொடுக்கலாம். யாரிடமாவது மனம்விட்டுப் பேச வேண்டும் என்றால், அரசின் டெலி-மனஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.