சம்பளம் கேட்ட மனைவி

லண்டனில் வக்கீல்கள் குடியிருந்த ஒரு பழைய கட்டடம். மாடியில் ஒரு கனவான். கீழே சமையற்கட்டில் அவருடைய வேலைக்காரப் பெண். விருந்தாளிகள் வந்தால் கதவைத் திறப்பதும், கோட்டை வாங்கி மாட்டுவதும், சாப்பாடு பரிமாறுவதும் அந்தப் பெண்தான். பரிமாறிவிட்டு ஒதுங்கி நிற்பார். வந்தவர்கள் அவர் முகத்தை ஏறிட்டும் பார்த்திருக்க மாட்டார்கள். வேலைக்காரியின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? அவர் அந்த வீட்டுக்காரரின் முறைப்படியான மனைவி என்பது வந்தவர்களுக்குத் தெரியாது.

அந்தப் பெண்ணின் பெயர் ஹன்னா கல்விக். கணவர் ஆர்தர் மன்பி. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் நடந்த கதை இது. காதல் கதை என்று சொல்லிவிட்டுப் போகலாம். படித்துப் பார்த்தால் அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியவில்லை.

ஹன்னா 1833 மே மாதம் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் ஷிஃப்னல் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா குதிரைச் சேணம் தைப்பவர். அம்மா பெரிய வீடுகளில் வேலை பார்த்தவர். தர்மப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் படித்தார். எட்டு வயதில் படிப்பு முடிந்தது, வேலை தொடங்கியது. பதினான்கு வயதில் பெற்றோர் இருவரையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். அப்போது வேலை பார்த்த வீட்டில் ஊருக்குப் போக அனுமதி தரவில்லை. பிறகு ஒரு பிரபுவின் மாளிகையில் பாத்திரம் தேய்க்கும் வேலை கிடைத்தது. பாத்திரம் தேய்க்கும்போது இன்னொரு பெண்ணோடு விளையாடிக்கொண்டிருந்ததை எஜமானியம்மா பார்த்துவிட்டார். இரண்டு பேரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பதின்வயதுப் பெண்கள் சிரித்து விளையாடியதுதான் குற்றம்.

அன்றைய இங்கிலாந்தில் பெண்களுக்கு மிக அதிகமாக வேலை கொடுத்தது தொழிற்சாலை அல்ல, வீட்டு வேலைதான். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பத்து லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் வீட்டு வேலையில் இருந்தார்கள். அதிலும் அடிமட்டத்தில் இருந்தவர்கள், ஒரே ஆளாக எல்லா வேலையும் செய்கிறவர்கள். ஹன்னா விரும்பி ஏற்றது அந்த இடத்தைத்தான். 1860 ஜூலை மாதத்து ஒரு நாளை அவர் வரிசையாக எழுதிவைத்திருக்கிறார். ஜன்னல் கதவுகளைத் திறந்து அடுப்பு மூட்டியது, புகைக்கரியை அள்ளிக் கொட்டியது, அறைகளைப் பெருக்கியது, பூட்ஸ் துடைத்தது, கத்திகளைத் தேய்த்தது, முழந்தாளிட்டு வாசற்படியைக் கழுவியது, கக்கூசைத் துடைத்தது, இரவில் தொட்டியில் உடம்பைக் கழுவிவிட்டுப் படுத்தது என்று பட்டியல் நீள்கிறது. இதைப் படிக்கும் நம் வாசகர்களில் பலருக்கு இது புதிய பட்டியலாக இருக்காது.

வீட்டு வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களில் ஒரு நிபந்தனை வழக்கமாக இருக்கும். வேலைக்காரப் பெண்ணைத் தேடி ஆண் யாரும் வரக்கூடாது என்பதே அது. அவள் உழைப்பை மட்டுமல்ல, மனதையும் சேர்த்து வாடகைக்கு எடுத்த மாதிரி.

இந்த நிபந்தனைக்கு நடுவில்தான் 1854 மே மாதம், தன் இருபத்தொன்றாவது பிறந்தநாளில், லண்டன் தெருவில் ஹன்னா மன்பியைச் சந்தித்தார். மன்பி யார்க் நகரத்து வசதியான குடும்பத்துப் பிள்ளை. கேம்பிரிட்ஜில் படித்தவர், வக்கீல் பட்டம் பெற்றவர், கவிதை எழுதுபவர். பின்னாளில் திருச்சபைச் சொத்துகளை நிர்வகிக்கும் அரசு அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தார். தொழிலாளர் கல்லூரியில் சம்பளம் இல்லாமல் லத்தீன் சொல்லிக்கொடுத்தார்.

அவருக்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. உழைக்கும் பெண்களைத் தேடிப்போய்ப் பேசுவார், குறிப்பெடுப்பார், ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய்ப் படம் எடுக்கச் செய்வார். பால்காரிகள், மீன்பிடிப் பெண்கள், குப்பை பொறுக்கும் பெண்கள் எனப் பலரும் அவர் குறிப்புகளில் இருக்கிறார்கள். விகன் நகரத்து நிலக்கரிச் சுரங்கப் பெண்களைப் பார்க்கத் திரும்பத் திரும்பப் போனார். சுரங்கத்துக்கு அடியில் பெண்கள் வேலை செய்வதை 1842ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. ஆனாலும் சுரங்க வாயிலில் காற்சட்டை போட்டுக்கொண்டு கரி சலிக்கும் வேலையைப் பெண்கள் விடவில்லை. அதையும் தடுக்கப் பார்த்தபோது 1887இல் அந்தப் பெண்களே லண்டனுக்குத் திரண்டுபோய் மந்திரியிடம் முறையிட்டார்கள். மன்பி அவர்கள் பக்கம் நின்றார். வேறு யாரும் மதித்துப் பதிவு செய்யாத பெண்களின் முகங்கள் இன்று நமக்குக் கிடைப்பது அவரால்தான்.

ஆனால் அந்தப் பார்வையை அப்படியே புகழவும் மனம் வரவில்லை. காய்த்துப்போன கையும் கரி படிந்த முகமும் அவருக்கு அழகாகத் தெரிந்தன. அழுக்கை ரசிக்க அவரால் முடிந்தது. ஏனென்றால் அதைத் துடைக்கும் வேலை அவருடையதல்ல. பார்த்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அந்தப் பெண்களுக்கு மறுநாளும் அதே கரிதான்.

ஹன்னா அவரை 'மாஸ்ஸா' என்று அழைத்தார். அமெரிக்கத் தோட்டங்களில் கறுப்பின அடிமைகள் முதலாளியைக் கூப்பிட்ட சொல் அது. நம் காவிரிப் பாசனப் பகுதியில் பண்ணையாள் 'ஆண்டே' என்று கூப்பிட்டதற்குச் சமம். கழுத்தில் பூட்டுப் போட்ட சங்கிலி ஒன்றை அணிந்திருந்தார். சாவி மன்பியிடம் இருந்தது. வலது மணிக்கட்டில் ஒரு தோல்பட்டை. ஹன்னா பிறந்த அதே 1833இல்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது என்பதை நினைத்தால் நெருடுகிறது. சட்டம் விடுதலை செய்த சங்கிலி, இந்த இருவருக்குள் காதல் விளையாட்டாகத் திரும்பி வந்திருக்கிறது. மன்பி அவரை அடிமையாக, புகைபோக்கி சுத்தம் செய்பவராக, பட்டுடுத்திய சீமாட்டியாக வேடம் போடச்செய்து படம் பிடிக்க வைத்தார். சீமாட்டி வேடமும் அதே பெண்ணுக்குப் பொருந்தியது. உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்பதெல்லாம் உடையில் இருக்கிறதே தவிர உடம்பில் இல்லை என்பதற்கு அந்தப் படங்களே சாட்சி. மன்பிக்கு அது எந்த அளவுக்குப் புரிந்ததோ.

பதினெட்டு வருடம் ஒளிந்து ஒளிந்துதான் பழகினார்கள். மன்பி சொல்லித்தான் ஹன்னா நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். பகல் முழுக்க வேலை செய்துவிட்டு, இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதித் தபாலில் அனுப்புவார். ஒருவரை மகிழ்விக்க எழுதியது என்றாலும், எழுத எழுத அது அவருடைய சொந்தக் குரலாகிவிட்டது. தன் உழைப்பைப் பற்றி அவர் வெட்கப்படவில்லை. தன் கையின் பலத்தைப் பெருமையாகவே எழுதினார்.

1873 ஜனவரி 14ஆம் தேதி கிளார்க்கன்வெல் பகுதித் தேவாலயம் ஒன்றில் ரகசியமாகக் கல்யாணம் நடந்தது. பேச்சை எடுத்தவர் மன்பி. தயங்கியவர் ஹன்னா. கல்யாணப் பத்திரம் காதலுக்கு எந்த விதத்திலும் தேவையில்லை என்பதுதான் அவர் எண்ணம். சீமாட்டியாகிவிட்டால் கையுறை, முகத்திரை எல்லாம் போட்டுக்கொள்ள வேண்டும், தனியாகத் தெருவில் நடக்க முடியாது. வேலைக்காரியாக இருந்தால் நினைத்த இடத்துக்கு நடந்து போகலாம், சொந்தமாகச் சம்பாதிக்கலாம்.

கல்யாணத்துக்குப் பிறகும் தன் குடும்பப் பெயரை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. சம்பளத்தையும் விடவில்லை. வேலை செய்கிறேன், கூலி கொடு என்று கணவரிடம் கேட்டு வாங்கினார். மணமான பெண் சம்பாதிக்கும் கூலி அவளுக்கே சொந்தம் என்ற சட்டம் இங்கிலாந்தில் அப்போதுதான், 1870இல், வந்திருந்தது. அதற்கு முன்பு வரை மனைவியின் காசு கணவனின் காசு. இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தும் இடம் இதுதான். கழுத்துச் சங்கிலியைச் சம்மதித்து ஏற்ற அதே பெண், கூலியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

மன்பி எதை இழந்தார்? உத்தியோகம் இருந்தது, நண்பர்கள் இருந்தார்கள். அப்பாவிடம் கடைசிவரை சொல்லவே இல்லை. ஊருக்குத் தெரியாமல் இருக்கும்வரை அவருக்கு ஒரு குறையும் இல்லை. மறைத்து வாழ்ந்த பாரம் ஹன்னாவின் மீதே விழுந்தது. பகலில் வேலைக்காரி, மாலையில் சீமாட்டி என்ற இரட்டை வாழ்க்கை உடம்பையும் மனதையும் அரித்தது. சண்டைகள் வந்தன. 1877இல் ஹன்னா லண்டனை விட்டு ஷ்ராப்ஷயருக்கே திரும்பிவிட்டார். உறவு அறுந்துவிடவில்லை. மன்பி பார்க்க வந்துபோய்க்கொண்டிருந்தார், முப்பது வருடத்துக்கும் மேலாக.

இதை நம் ஊர்ச் சாதி மறுப்புத் திருமணங்களோடு அப்படியே ஒப்பிட முடியாது. அங்கே இருந்தது வர்க்கம். சேணம் தைப்பவரின் பேரன் கடை வைத்துக் கனவானாகலாம். இங்கே பிறப்பு சாகும்வரை கூடவே வரும். சொந்தச் சாதிக்குள் மட்டும் மணம் முடிக்கும் ஏற்பாடுதான் சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்தார். அந்த ஏற்பாட்டை மீறியவர்களை இங்கே தண்டவாளத்திலும் பேருந்து நிலையத்திலும் பார்த்திருக்கிறோம். ஹன்னாவை யாரும் வெட்ட வரவில்லை. அவமானம்தான் அங்கே ஆயுதம். அதற்குப் பயந்தே ஒரு படித்த மனிதர் முப்பத்தாறு வருடம் தன் மனைவியை மனைவி என்று ஊரறியச் சொல்லாமல் இருந்தார்.

ஹன்னா 1909 ஜூலையில் இறந்தார். ஆறு மாதம் கழித்து, 1910 ஜனவரியில், மன்பியும் இறந்தார். உயிலைத் திறந்தபோதுதான் கல்யாணம் வெளியே வந்தது. பத்திரிகைகள் பரபரப்பாக எழுதின. நாட்குறிப்புகளும் படங்களும் அடங்கிய பெட்டிகளை மன்பி தான் படித்த டிரினிட்டி கல்லூரிக்கு எழுதிவைத்திருந்தார். 1950 வரை திறக்கக்கூடாது என்பது நிபந்தனை. அதற்குள் தெரிந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார்.

பெட்டிகள் திறந்த பிறகும் முதலில் வந்தது மன்பியின் வாழ்க்கை வரலாறுதான், 1972இல். ஹன்னாவின் நாட்குறிப்பு அவர் பெயரிலேயே புத்தகமாக வர 1984 ஆயிற்று. லிஸ் ஸ்டான்லி என்ற பெண் ஆய்வாளர் அதைத் தொகுத்தார். துடைத்த பூட்ஸ், கழுவிய படிக்கட்டு, அள்ளிய கரி எல்லாம் அதில் இருக்கின்றன.