உப்பு வரியும் உரிமைப் போரும்



சென்னைக்கு வடக்கே வங்கக் கடலை ஒட்டி விரிந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. இந்திய உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது இதுவே. 1613-இல் இங்கே கோட்டை எழுப்பிய டச்சுக்காரர்கள், 1825-இல் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்து வெளியேறினர். கரையோரக் குப்பங்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் வலை வீசியே வாழ்கின்றனர்.

மீனவர் வீட்டில் மீனுக்கு அடுத்து இன்றியமையாத பொருள் எது? உப்பு! பனிக்கட்டி இல்லாத அந்நாளில், அன்றன்று விற்காத மீனை உப்பிட்டுக் கருவாடாக்கினால்தான் அடுப்பெரியும். கோடையில் நீர் வற்றினால் உவர் நிலத்தில் உப்பு தானே பூக்கும். ஆனால், அதை அள்ளுவது குற்றம் என்றது ஆங்கிலச் சட்டம்!

1805-இலேயே சென்னை மாகாணத்தில் உப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. பின்னாளில், கருவாடு போடும் மீனவருக்கென்று அரசு கொட்டடிகள் அமைத்தது. மீனை அங்கே கொண்டு சென்றால் குறைந்த விலைக்கு உப்புக் கிடைக்கும். அதிகாரியின் கண்காணிப்பிலேயே பதனிட வேண்டும். கடலருகே பிறந்தவன், கடல் தந்த உப்புக்காகக் கைகட்டி நின்றான்.

மக்கள் வாளாவிருந்தனரா? இல்லை. 1844-இல் வரி அரை ரூபாயிலிருந்து ஒரு ரூபாயாக உயர்ந்தபோது சூரத் நகரம் கொதித்தெழுந்தது. 1885-இல் கூடிய காங்கிரஸின் முதல் மாநாட்டிலேயே உப்பு வரி பேசப்பட்டது. 1923-இல் சட்டமன்றம் மறுத்தும், வைஸ்ராய் தம் தனி அதிகாரத்தால் மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்த வரியை இரண்டரை ரூபாயாக்கினார். எதிர்ப்பு வலுக்கவே, மறு ஆண்டே பழைய அளவுக்கு இறங்கியது.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். அதுவரை எழுந்த குரல்கள் பெரும்பாலும், “வரியைக் குறையுங்கள்” என்றே கேட்டன. அவ்வாறு கேட்பவன், வரி போடும் உரிமையை ஒப்புக்கொண்டுதான் கேட்கிறான். 1930-இல் கேள்வியே மாறிற்று: “எங்கள் கடலின் உப்புக்கு வரி போட நீ யார்?” வரித் தகராறு விடுதலைப் போராக வளர்ந்தது இவ்விடத்தில்தான்.

மார்ச் 12-இல் புறப்பட்ட காந்தியடிகள் ஏப்ரல் 6-இல் தண்டியில் உப்பெடுத்தார். தமிழகத்தில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து, ஏப்ரல் 30-இல் வேதாரண்யத்தில் உப்பெடுத்துக் கைதானார். தொண்டர்களுக்கு உணவளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை ஆட்சியர் எச்சரித்தார். மக்களோ சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர்!

காந்தியடிகள் கைதானதும் தலைமையேற்றவர் யார் தெரியுமா? பரோடாவில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற அப்பாஸ் தையாப்ஜி. அப்போது அவருக்கு வயது 76! தராசனா உப்பளத்தை நோக்கிப் புறப்பட்ட அவரும் மே 12-இல் கைதானார். நாடெங்கும் 60,000-க்கு மேற்பட்டோர் சிறை சென்றனர்.

இந்த உரிமைக் கேள்வி நமக்குப் புதிதன்று. யமனைச் சேர்ந்த அப்யழ் இப்னு ஹம்மால் (ரலி), மஃரிபிலுள்ள உப்பு நிலத்தைத் தமக்குத் தருமாறு வேண்ட, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழங்கினார்கள். அது வற்றாது ஊறும் நீரைப் போன்றது என்று ஒருவர் எடுத்துரைத்ததும், அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய ஹதீஸ் நூல்கள் இச்செய்தியைக் கூறுகின்றன. இறைவன் எல்லோர்க்குமாக அருளியதை ஒருவர் உடைமையாக்குவதில்லை என்பதே இதில் நாம் பெறும் பாடம்.

1931 மார்ச் 5-இல் காந்தி-இர்வின் ஒப்பந்தம் உருவானது. உப்பு விளையும் ஊரார் தம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளவும், ஊருக்குள்ளேயே விற்கவும் அரசு இணங்கியது. ஆனால், வரி நீங்கவில்லை. இடைக்கால அரசின் நிதி உறுப்பினர் லியாகத் அலி கான் 1947-இல் கொண்டுவந்த வரவு-செலவுத் திட்டத்தில்தான் அது ஒழிந்தது.

பெற்றோர்களே! விடுதலை வரலாற்றைத் தலைவர்களின் பெயர்ப் பட்டியலாக மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். சோற்றில் இடும் உப்புக்கும் விடுதலைக்கும் இருந்த உறவைச் சொல்லுங்கள். சலுகை கேட்பது வேறு, உரிமை கேட்பது வேறு என்பதை அவர்கள் அறியட்டும்.