ஏற்ற வேளை

காலம் பார்த்துச் செயல் செய்க என்பது தமிழர்க்குப் புதிய பாடம் அன்று. திருக்குறளின் 49ஆம் அதிகாரமே ‘காலமறிதல்’. ஆயினும், வள்ளுவர் கூறுவது மனிதன் தன் அறிவால் ஆராய்ந்து தெளியும் காலம். கிறிஸ்தவம் கூறுவதோ இறைவன் குறிக்கும் காலம். மனிதன் அதை நம்பிக் காத்திருக்க வேண்டும். இவ்வேறுபாட்டைத் தமிழ் மாணவ நண்பர்கட்கு விளக்க விரும்புகிறேன்.

கிரேக்க மொழியில் காலத்திற்கு இரு சொற்கள் உண்டு. ‘குரோனோஸ்’ என்பது ஓடிக்கொண்டிருக்கும் நேரம். ‘கைரோஸ்’ என்பது ஒரு செயலுக்குரிய தக்க வேளை. யோவான் நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில், விழாவுக்குச் சென்று உலகறியத் தம்மைக் காட்டுமாறு இயேசுவை அவர் சகோதரர்கள் தூண்டுகின்றனர். தம் வேளை இன்னும் வரவில்லை என்கிறார் அவர். அங்கே வரும் சொல் கைரோஸ். பின்னர் அவரும் விழாவுக்குச் சென்றார். ஆனால் அவர்கள் விரும்பிய விளம்பரத்தோடு அன்று, மறைவாகச் சென்றார்.

சவுல் மன்னன் கதை இதற்கு நேர்மாறு. சாமுவேல் வரும்வரை கில்காலில் ஏழு நாள் பொறுத்திருக்க வேண்டும். எதிரே பெலிஸ்தர் படை. பின்னே கலைந்தோடும் தன் மக்கள். அஞ்சிய மன்னன் தானே பலியிட்டான். பலி முடிந்ததும் சாமுவேல் வந்து நின்றார்!

நம் மும்பைக்கும் இதில் ஒரு சான்று உண்டு. பண்டித ரமாபாய் 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். திருச்சபையின் கோட்பாடுகள் அனைத்தையும் அப்படியே ஏற்குமாறு அங்குள்ளோர் வற்புறுத்தினர். தம் மனச்சான்றுக்குத் தெளிவாகாததை ஏற்க அவர் மறுத்தார். 1889இல் இம்மாநகரில் ‘சாரதா சதன்’ எனும் இல்லத்தை விதவைகளுக்காகத் திறந்தார். மதம் மாற்றவில்லை என்று ஒரு சாரார் குறை கூறினர். மாற்றுகிறார் என்று மறு சாரார் பழித்தனர். ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகள் சென்ற பின்னரே தாம் கிறிஸ்துவைக் கண்டடையவில்லை என உணர்ந்து, பின் கண்டடைந்ததாக அவரே எழுதியுள்ளார்.

அப்படியாயின் காத்திருத்தல் சோம்பலா? நான் வேதியியல் பயில்பவன். சூடான நிறைகரைசலை மெல்ல ஆறவிட்டால் பெரிய, தூய படிகம் விளையும். விரைந்து குளிர்வித்தால் மாசு கலந்த பொடியே மிஞ்சும். ஆனால் கரைப்பதும் வடிகட்டுவதும் நம் வேலை அன்றோ?

“எப்போது சம்பாதிக்கப் போகிறாய்?” என்ற கேள்வி தாராவியில் பல வீடுகளில் உண்டு, என் வீட்டிலும் உண்டு. அதை வெறும் வெளி நெருக்கடி என்று தள்ள என்னால் இயலாது. வீட்டு வாடகையும் தங்கையின் படிப்பும் அக்கேள்விக்குள் இருக்கின்றன. ஆகவே நெருக்கடி எது, கடமை எது என்று பிரித்தறிதல் வேண்டும். ஊரார் மெச்சவேண்டும் என்ற ஆசையும், பின்தங்கிவிடுவோமோ என்ற அச்சமும் நம்மை உந்தினால் அது நெருக்கடி. அடுத்தவர் துன்பம் அழைத்தால் அது கடமை.

1896இல் பஞ்சம் பரவியபோது ரமாபாய் வேளை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நேரே சென்று, பசித்த பெண்களை நூற்றுக்கணக்கில் அழைத்து வந்து காத்தார். ‘ஆண்டவர் வேளை வரும், பொறு’ என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம். பசித்தவனிடமும் நீதி கேட்பவனிடமும் சொல்லலாகாது.