வாடகை வீடும் நமது உடைமைகளும்: காப்புறுதி பற்றிய ஒரு விளக்கம்



1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணம் சோனகதெருவில் வாழ்ந்த நம்மவர்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வீட்டுச் சொந்தக்காரரும் வாடகைக்கு இருந்தவரும் ஒன்றாகவே வெறுங்கையுடன் புறப்பட்டனர். 2002இன் பின்னரும் 2009இன் பின்னரும் சிலர் திரும்பி வந்தபோதுதான் இருவருக்குமுள்ள வேறுபாடு தெரிந்தது. வீடு இடிந்து கிடந்தாலும் சொந்தக்காரருக்குக் காணி உறுதி என்றொரு பத்திரம் இருந்தது. வாடகைக்கு இருந்தவரிடமோ தையல் இயந்திரமும் சைக்கிளும் அலுமாரியும் தம்முடையவையாக இருந்தன என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை.

இன்றும் நம்மில் பல குடும்பங்கள் வாடகை வீடுகளிலேயே வாழ்கின்றன. ஆகவே வாடகைக்கு இருப்போருக்கான காப்புறுதியைப் பற்றி அறிந்துகொள்வது அவசியமாகும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். "வீட்டுக்காரர் காப்புறுதி செய்திருக்கிறார், நமக்கென்ன கவலை?" என்று சிலர் எண்ணுகின்றனர். அவர் செய்திருப்பது சுவருக்கும் கூரைக்குமான காப்புறுதியே. உள்ளேயிருக்கும் நமது குளிர்சாதனப் பெட்டி, கட்டில், மடிக்கணினி, பிள்ளைகளின் புத்தகங்கள் ஆகியவற்றுக்கு அது பொறுப்பேற்காது. அவற்றுக்கு நாமே வீட்டுப் பொருட்களுக்கான காப்புறுதியைப் பெறவேண்டும். தீ, வெள்ளம், புயல், களவு ஆகிய எவையெவை அதில் அடங்குகின்றன என்பதைப் பத்திரத்தில் வாசித்தறிய வேண்டும். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த பெருமழையில் குடாநாட்டின் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை மறந்தவர் யார்?

இரண்டாவது விடயம், வீட்டுக்காரருக்கு நாம் செலுத்தவேண்டிய கடமை. வாடகை வீடு நம் கையிலுள்ள அமானிதம். நமது குற்றமின்றி அது அழிந்தால் வாடகைக்காரர் பொறுப்பாளியல்லர் என்றும், அலட்சியத்தால் அழிந்தால் பொறுப்பாளியே என்றும் மார்க்கச் சட்ட அறிஞர்கள் விளக்குகின்றனர். அடுப்பை அணைக்க மறந்ததால் அடுத்தவர் வீடு எரிந்தால், அந்த இழப்பு நம்மீது கடனாகிவிடும். இத்தகைய பொறுப்பையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று காப்புறுதி பெறும்போது கேளுங்கள்.

மூன்றாவது, பெறுமதியைக் குறைத்துச் சொல்லக்கூடாது. பத்து இலட்சம் ரூபா பெறுமதியான பொருட்களை ஐந்து இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்ததாக வைத்துக்கொள்வோம். வெள்ளத்தில் இரண்டு இலட்சம் ரூபா நட்டம் ஏற்பட்டால் இரண்டு இலட்சமும் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பாதிப் பெறுமதிக்கே காப்புறுதி செய்ததால், நட்டஈடும் பாதியாகி ஒரு இலட்சமாகவே அமையும். அதிலும் நாமே ஏற்கவேண்டிய ஒரு சிறு தொகை கழிக்கப்படலாம். கட்டுப்பணத்தை மிச்சம்பிடிக்கப் போய்ப் பெரிய தொகையை இழப்பது புத்திசாலித்தனமன்று.

நான்காவது, எவை அடங்காது என்பதையும் அறிய வேண்டும். பூட்டை உடைத்து நுழைந்த களவுக்கே பல பத்திரங்கள் பொறுப்பேற்கின்றன. நகைக்கும் பணத்துக்கும் எல்லை உண்டு. வீட்டில் வைத்துத் தையல் தொழில் செய்வோர் அதனை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். யுத்தத்தால் வரும் அழிவைச் சாதாரண பத்திரங்கள் ஏற்பதில்லை. 1990இல் இழந்ததை எந்தப் பத்திரமும் மீட்டுத் தந்திருக்காது என்பதே உண்மை. கலவரத்தால் ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

"காப்புறுதி ஆகுமானதா?" என்று இளைஞர்கள் கேட்பது நியாயமே. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, நிலையான கட்டுப்பணத்துடன் கூடிய வர்த்தகக் காப்புறுதி ஆகாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்புறுதி ஆகும் என்றும் தீர்மானித்தது. அந்த அடிப்படையில் அமைந்ததே தகாபுல். அங்கத்தவர்கள் தமது பங்கை நன்கொடையாக ஒரு பொது நிதியில் இடுகின்றனர். இழப்புற்றவருக்கு அந்நிதியிலிருந்து வழங்கப்படுகிறது. நிறுவனம் நிர்வாகக் கட்டணம் பெறுகிறது. நிதி வட்டியில் முதலிடப்படுவதில்லை. இலங்கையில் 1999இல் அமானா தகாபுல் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஐயம் இருப்பின் உங்கள் பகுதி ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

தவக்குலுக்கு இது முரணானதா? இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். உணவு குறைந்தபோது எல்லோரும் இருப்பதை ஒன்றுசேர்த்துச் சமமாகப் பகிர்ந்துகொண்ட அஷ்அரி கோத்திரத்தாரை அன்னார் பாராட்டினார்கள்.

இழப்பு நேர்ந்தால் தாமதமின்றி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். களவாயின் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். சேதமான பொருட்களைப் படம் பிடிக்குமுன் வீசிவிடாதீர்கள். கூட்டியும் குறைத்தும் சொல்லாதீர்கள். பொய்க் கணக்கு ஹராமாகும். நிறுவனத்தின் பதில் நியாயமற்றது எனக் கருதினால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ, இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம்.

பெற்றோர்களே! காப்புறுதி செய்ய இன்று வசதியில்லாவிடினும் ஒரு காரியத்தை இன்றிரவே செய்யலாம். இஷாவுக்குப் பின் பிள்ளைகளுடன் அமர்ந்து, அறை அறையாக உள்ள பொருட்களை எழுதுங்கள். வாங்கிய ஆண்டையும் விலையையும் குறியுங்கள். பற்றுச்சீட்டுகளைச் சேருங்கள். பிள்ளைகள் கைத்தொலைபேசியில் படமெடுக்கட்டும். அதன் ஒரு பிரதியைக் குடாநாட்டுக்கு வெளியிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். அன்று நம் மூத்தோரிடம் இல்லாமற்போன அந்தத் துண்டுக் காகிதம் நம் பிள்ளைகளிடமாவது இருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நமது இல்லங்களையும், நாம் அமானிதமாகக் குடியிருக்கும் பிறர் இல்லங்களையும் பாதுகாப்பானாக! ஆமீன்.