இரண்டு எண்களில் ஓர் இடம்

தமிழ்நாட்டில் எத்தனை புதூர், எத்தனை காந்தி நகர் என்று எண்ணி மாளாது. ஊர்ப்பெயர் திரும்பத் திரும்ப வரும். அட்சரேகை எண்ணும் தீர்க்கரேகை எண்ணும் சேர்ந்தால் பூமியில் ஒரே ஓர் இடத்தைத்தான் காட்டும். 13.0827, 80.2707 என்று கூகுள் மேப்ஸில் தேடினாலும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் தேடினாலும் சென்னைதான் வந்து நிற்கும். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத இந்த முகவரியை எழுதவும் படிக்கவும் நாம் அனைவரும் பழகியாக வேண்டும். வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். இரு முனையிலும் இணையம் இருக்கும்வரை போதும். வெள்ளத்தில் டேட்டா அறுந்துவிட்டால், பட்டன் போனில் வாய்விட்டுச் சொல்லவோ காகிதத்தில் எழுதிக் கொடுக்கவோ எண்களால்தான் முடியும். இந்திய அஞ்சல் துறை 2025இல் கொண்டுவந்த டிஜிபின்னும், நாட்டை ஏறத்தாழ 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, இதே எண்களைப் பத்து எழுத்துக் குறியீடாக மாற்றித் தருவதுதான்.

எண்கள் என்றாலே பிழை வருமே என்ற தயக்கம் நியாயமானது. சென்னையின் எண்களை இடம் மாற்றி எழுதினால், வரைபடம் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பிறகு என்ற வரிசை ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இது நேராது. புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கங்களும் முக்கியம்: இரண்டோடு நிறுத்தினால் சுமார் ஒரு கிலோமீட்டர் வட்டாரம்தான் தெரியும், ஐந்து இருந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர். கைபேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் தவறலாம் என்பதால் அதற்கு மேல் இலக்கங்களை நீட்டுவது வீண்.

எண் சரியாக இருந்தும், அந்த இடத்தில் வரைபடம் வெறுமையாக இருந்தால் பயனில்லை என்பதுதான் வலுவான மறுப்பு. 2010 ஜனவரியில் ஹைட்டியை நிலநடுக்கம் உலுக்கியபோது, தலைநகர் போர்ட்டோபிரின்ஸின் தெருக்கள் பல இணைய வரைபடத்தில் இல்லை. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் தெருத்தெருவாக வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதை வைத்து வழி கண்டன. வெறுமையை நிரப்ப முடிந்ததே, ஒவ்வொரு தெருவையும் பொருத்த அட்ச, தீர்க்க எண்கள் என்ற பொதுச் சட்டகம் இருந்ததால்தான்.

வீட்டின் எண்களை ஊரறியப் பரப்ப வேண்டாம், அது அந்தரங்கம். ஆனால் கூகுள் மேப்ஸில் உங்கள் வீட்டு வாசலை அழுத்திப் பிடித்து, தெரியும் இரண்டு எண்களை ஒரு சீட்டில் எழுதி, வீட்டுக்குள் அவசர எண்களின் பக்கத்தில் இன்றே ஒட்டி வையுங்கள்.